குறிப்புக்கு விலை வைப்பது தப்பா?

புதிரை அவிழ்க்க உதவும் குறிப்புக்குப் புள்ளியைக் கழித்தால் மாணவர்கள் உதவி கேட்கவே தயங்குவார்கள் என்கிறது ஒரு கட்டுரை. பாதி சரி. சிடிஎஃப் எனப்படும் கணினிப் பாதுகாப்புப் போட்டிகளில் ஒருவர் பொறுமையிழந்து குறிப்பைத் திறந்தால், கழிவது மொத்த அணியின் கணக்கில். அதனாலேயே, "இரு, அழுத்தாதே, நான் ஒருதரம் பார்க்கிறேன்" என்று பக்கத்தில் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அந்தப் பேச்சுதான் லாபமே! ஆனால் பல போட்டிகளில், அதிக அணிகள் விடை கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கப் புதிரின் மதிப்பும் இறங்கிக்கொண்டே போகும். குறிப்புக்கு 50 புள்ளி கொடுத்துவிட்டு, புதிருக்குக் கடைசியில் 100தான் கிடைத்தது என்றால் கடுப்பாகாதா? கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தும் பிகோசிடிஎஃப்பில் குறிப்புகள் இலவசம். புதிதாக வருகிறவர்களிடம் போய் எதற்கு வசூல்?