கால் மில்லிதானே தம்பி!

நேற்று சாயங்காலம் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் என் முகத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சிண்டெக்ஸ் டேங்க் உடையவில்லை. நாங்கள் செய்யும் சின்ன ராக்கெட்டின் மோட்டார் கேசிங்கில், அதாவது எரிபொருள் எரியும் வெளிக்குழாயில், தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தோம். 30 பார் அழுத்தத்தில் ஓடப்போகிற குழாய், சோதனையில் 45 தாங்கினால்தான் நம்பலாம். 22-லேயே முன்மூடியில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வழியாகப் புஸ்ஸென்று வந்துவிட்டது. நாலு மாத உழைப்பு!

அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் பெட்டியில் கொண்டுவந்த 54 மில்லிமீட்டர் அலுமினியக் கேசிங் அது. திட எரிபொருளுக்காகச் செய்தது. அதில் எரிவதும் எரிய வைப்பதும் ஒரே கலவையாக உள்ளேயே இருக்கும். நாங்கள் செய்வது ஹைப்ரிட். இதில் குழாய்க்குள் வெறும் எரிபொருள்தான், எங்களுக்கு மெழுகு. அதை எரிய வைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு முன்பக்கத்திலிருந்து தனியாகப் பாயும். குழாய் அப்படியே இருக்கலாம், புகை வெளியேறும் நாசிலில் துளையை மட்டும் மாற்றினால் போதும். புதிதாகக் கடைய வேண்டியது நைட்ரஸ் உள்ளே வரும் முன்மூடி ஒன்றுதான். கனமாக நறுக்கிய வாழைக்காய் வில்லை மாதிரி ஒரே ஒரு துண்டு!

அதைக் கொருக்குப்பேட்டை லேத் பட்டறையில் கொடுத்தேன். படத்தில் எழுதியிருந்தேன், சிவப்பு மையில் வட்டம் வேறு: ஓ-ரிங் பள்ளம் 2.1 மில்லி ஆழம். வந்தது 2.35.

"இன்னா தம்பி, கால் மில்லிதான? ரப்பர்பா அது, அட்ஜஸ்ட் ஆயிடும்."

ஆகாது அண்ணே! 2.62 மில்லி தடிமன் ரிங் 2.1-க்குள் உட்கார்ந்தால் இருபது சதவீதம் நசுங்கும். அந்த நசுங்கல்தான் அடைப்பே. 2.35 என்றால் அது பத்தாகிவிடும். சரி, ரிங்காவது சரியாக இருந்ததா? லிங்கிச் செட்டித் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். "2.62-லாம் எவன் கேக்குறான், 2.5 எடுத்துட்டுப் போ, ஒண்ணும் தெரியாது." அதையும் போட்டேன், புத்தி கெட்டுப்போய். நசுங்கல் ஆறு சதவீதம். தண்ணீர் ஏன் முகத்தில் அடிக்காது?

2.62 என்பது அங்குலக் கணக்கில் வரும் அளவு. அங்குலமே தெரியாத ஊரா இது? அதே தெருவில் இன்றைக்கும் பைப்பை நூல் கணக்கில்தான் கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு வேண்டிய ரிங்குக்கு மட்டும் எல்லோரும் திடீரென்று மெட்ரிக் ஆகிவிடுகிறார்கள்!

நடுவில் இலவச ஆலோசனை வேறு. "இன்னொரு கேசிங்கை வாங்கி அதையே நைட்ரஸ் டேங்காகப் போட்டுடு, வெளிநாட்டுல அப்படித்தான் பண்றாங்க." அங்கே 20 டிகிரி, நைட்ரஸின் அழுத்தம் ஏறக்குறைய 50 பார். 36.4 டிகிரியில் அது 72. அதற்கு மேல் திரவம், வாயு என்ற பேதமே கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் நம் மொட்டைமாடி எத்தனை டிகிரி என்று செருப்பில்லாமல் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். (மயக்க மருந்தாகவும் கொடுக்கிற வாயு என்பதால், நைட்ரஸ் விசாரிக்கப் போனால் "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கதை இன்னொரு நாள்.)

சரி என்று மறுபடி பட்டறைக்குப் போனேன். கெஞ்சினேன், டீ வாங்கிக் கொடுத்தேன், வெர்னியரைக் கையில் பிடித்துக்கொண்டு லேத் பக்கத்திலேயே நின்றேன். இன்று மதியம் புது மூடி தயார். அளந்தேன், 2.1. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சந்தோஷத்தில் விரலால் பள்ளத்தைத் தடவினேன். வழுவழுவென்று எண்ணெய். பள்ளத்தில், துளைகளில், மரையில், எங்கே பார்த்தாலும். துரு பிடிக்கக் கூடாதாம். அலுமினியத்துக்கு! நைட்ரஸ் பாயும் வழியில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது வெடிக்கு மருந்து வைத்த மாதிரி. நைட்ரஸ் சும்மா விளையாட்டுச் சாமான் இல்லை. 2007 ஜூலையில் மொஹாவி பாலைவனத்தில், தீ மூட்டாமல் நைட்ரஸை மட்டும் பாய்ச்சிப் பார்த்த சோதனையிலேயே வெடித்து மூன்று பேர் செத்தார்கள்.

ராத்திரி பத்து மணி. வாளியில் சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஒவ்வொரு துளையாகக் குத்திக்குத்திக் கழுவிக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் பட்டறை அண்ணன் போன் பண்ணினார்.

"இன்னா தம்பி, எண்ணெய் போட்டுக் குடுத்தேன்ல, கரெக்டா உட்காந்துச்சா?"