முட்டை சாப்பிடலைன்னா பிசிஓஎஸ் சரியாகாதா?

போன வாரம் அக்கா பொண்ணு ஃபோன்ல ஒரே அழுகை. 22 வயசு, என்ன மாதிரியே வீகன், அதாவது பால், முட்டை, கறி எதையும் தொடமாட்டா. நாலு மாசமா பீரியட்ஸ் வரல, டாக்டர்கிட்ட போய் பாத்தா பிசிஓஎஸ்னு (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், சினைப்பையில வர்ற ஹார்மோன் பிரச்சனை) சொல்லியிருக்காங்க. அது கூட அவளுக்குப் பெரிசாத் தெரியல. 'சித்தி, பால் கூட தொடாம இருந்துட்டு இதெல்லாம் எப்படி சரியாகும், முதல்ல முட்டையாவது சாப்பிட ஆரம்பிங்கறாங்க டாக்டர், நான் தப்பு பண்ணிட்டேனா'ன்னு கேக்கறா. எனக்கு நெஞ்சு பதறிடுச்சு, ஏன்னா ஒன்பது வருஷம் முன்னாடி இதே வார்த்தைய எங்கிட்டயும் சொன்னாங்க, நானும் இப்படித்தான் வீட்டுக்கு வந்து கதவ சாத்திக்கிட்டு அழுதேன்.

பேர்லயே 'சிஸ்ட்'னு இருக்கறதால கட்டின்னு நெனச்சு பயந்துடறோம். அது கட்டி இல்ல. பாதி வளர்ந்து அப்படியே நின்னுபோன ஃபாலிக்கிள்ங்க (கருமுட்டை வளர்ற சின்னப் பைங்க), ஒவ்வொண்ணும் சில மில்லிமீட்டர்தான். நிறைய பேருக்கு இதுக்குப் பின்னாடி இருக்கறது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். உடம்பு இன்சுலின் சொல்றத சரியா கேக்காது, அதனால கணையம் இன்னும் இன்சுலின விட்டுக்கிட்டே இருக்கும், அந்த அதிக இன்சுலின் சினைப்பைய டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன சுரக்கச் சொல்லி தூண்டும், இன்னொரு பக்கம் டெஸ்டோஸ்டிரோன கட்டி வெச்சிருக்கற ஒரு புரதத்த கல்லீரல் குறைச்சலா தயாரிக்கும். தாடையில முடி, முகத்துல பரு, தள்ளிப்போற பீரியட்ஸ் எல்லாம் இங்கிருந்துதான். இதுல கறி சாப்பிடாததாலன்னு ஒரு காரணம் எங்கயும் வரல. 2023-ல வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டியும் இந்த டயட்தான் ஒசத்தின்னு எதையும் சொல்லல, ஆரோக்கியமா சாப்பிடறதுல உங்களால தொடர்ந்து கடைப்பிடிக்க முடியறது எதுவோ அதுங்கற மாதிரிதான் சொல்லுது.

அதுக்காக சைவம்னாலே நல்லதுன்னும் நான் சொல்ல மாட்டேன். என் பழைய தட்ட நெனச்சுப் பாக்கறேன். குவிச்சு வெச்ச வெள்ளச் சோறு, மேல தண்ணியா ரெண்டு கரண்டி பருப்பு, பக்கத்துல உருளைக்கிழங்கு. 100 கிராம் சோத்துல மாவுச்சத்து கிட்டத்தட்ட 28 கிராம், புரதம் 3 கிராம் கூட இல்ல. அதே 100 கிராம் வெந்த பருப்புல புரதம் 9 கிராம் வரும், நார்ச்சத்தும் சேந்தே வரும். நான் சைவம் சாப்பிடல, மாவு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். மாத்தினது இவ்வளவுதான்: சோறு பாதி, கெட்டிப் பருப்போ கொண்டைக்கடலையோ டோஃபுவோ (சோயா பனீர்) ஒரு கிண்ணம் முழுசா, மீதி இடம் காய். முதல்ல காயும் கடலையும், கடைசியில சோறு, ஏன்னா வரிசைய மாத்தி சாப்பிட்டாலே சாப்பாட்டுக்கு அப்புறம் சர்க்கரை ஏர்ற வேகம் குறையும். முடிச்சதும் ஒரு கால் மணி நேரம் நடை. அஞ்சாறு மாசத்துல 70 நாளுக்கு ஒரு தடவ வந்த பீரியட்ஸ் 40 நாளுக்கு ஒரு தடவன்னு வந்துச்சு, கூடவே மெட்ஃபார்மினும் (உடம்பு இன்சுலின் சொல்றத கேக்க வைக்கற மாத்திரை) எடுத்தேன், அத மறைக்க மாட்டேன்.

இப்போ நான் உண்மையிலேயே கோவப்படற விஷயம். மெட்ஃபார்மின் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆனப்போ ராத்திரி பாதத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், செருப்பு போட்டா பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கும். டென்ஷன்னாங்க, தூக்கம் பத்தலன்னாங்க. கடைசியில ஒருத்தர் வைட்டமின் பி12 பாக்கச் சொன்னார், 140 வந்துச்சு, 200-க்குக் கீழ போனாலே குறைவுன்னு பல லேப்ல போடுவாங்க. மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தா பி12 குறையலாம், செடி கொடில பி12 நம்பற மாதிரி கிடையவே கிடையாது, ஸ்பைருலினால (பாசிப் பொடி) இருக்கறது நம்ம உடம்புக்கு உதவாத வகை. அப்போ வீகனா இருந்துக்கிட்டு மெட்ஃபார்மினும் எடுக்கற பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை. பிரிட்டனோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல, குறைபாடு வர வாய்ப்பு உள்ளவங்களுக்கு அப்பப்போ பி12 பாக்கறத யோசிங்கன்னு டாக்டர்களுக்கு சொல்லிச்சு. முட்டை சாப்பிடுன்னு சொல்ல நேரம் இருந்தவங்களுக்கு இந்த ஒரு டெஸ்ட் எழுத நேரம் இல்லையா? குழந்தைக்காக ஃபோலிக் ஆசிட் எடுக்கறவங்க இன்னும் கவனமா இருங்க, அது ரத்தசோகைய மட்டும் சரி பண்ணி பி12 குறையறத வெளிய தெரியாம மறைச்சிடலாம், நரம்பு பாட்டுக்கு கெட்டுக்கிட்டே இருக்கும்.

இரும்புச்சத்தும் பாருங்க. மாசக்கணக்கா வராம இருந்து வர்றப்போ கொட்டித் தீக்கும், அதுல நிறைய போயிடும். கீரை, பருப்பு கூட எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, டீ காபிய சாப்பாட்டோட குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ஒமேகா-3க்கு ஆளி விதை (பொடி பண்ணி, முழுசா போட்டா அப்படியே வெளிய போயிடும்), வால்நட். அயோடின் உப்பு.

சோயா சாப்பிட்டா ஹார்மோன் கெடும்னு இன்பாக்ஸ்ல வர்றவங்களுக்கு: சாப்பாட்டு அளவுல சோயா பிசிஓஎஸ்ஸ மோசமாக்கும்னு ஆதாரம் இல்ல, தைராய்டு மாத்திரை போடறவங்க மட்டும் ரெண்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி விடுங்க. பால நிறுத்தினா பிசிஓஎஸ் போயிடும்னு சொல்றவங்களுக்கும் அதேதான், ஆதாரம் இல்ல. நான் பால் விட்டது மாட்டுக்காக, சினைப்பைக்காக இல்ல.

அப்புறம் சாப்பாட்ட மாத்திட்டோமேன்னு சும்மா காத்திருக்காதீங்க. மூணு மாசத்துக்கு மேல பீரியட்ஸ் வரலன்னா டாக்டர பாத்தே ஆகணும், கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போறது நல்லதில்ல.

நேத்து நானும் கூடவே போனேன், வேற டாக்டர்கிட்ட. என்னென்ன சாப்பிடறேன்னு அவ நோட்டுல எழுதிட்டு வந்திருந்தா, அந்தம்மா அத முழுசா படிச்சாங்க, பருப்ப மட்டும் கூட்டச் சொன்னாங்க, முட்டை பத்தி ஒரு வார்த்தை இல்ல. பி12, ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு பாக்கறது), தைராய்டு, சர்க்கரை எல்லாத்துக்கும் ரத்தம் குடுத்துட்டு வந்தோம். ரிப்போர்ட் திங்கக்கிழமை.