எல்லாம் 'ஆன் ட்ராக்' என்று சொல்லும் டீம்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய கதை. க்ளையன்ட்டோடு பேசும் ஃபோன் காலில், "வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுகிறோம்" என்று மேனேஜர் வாக்கு கொடுத்துவிடுவார். டெஸ்டிங்குக்கே ஒரு வாரம் வேண்டும் என்பது அதே காலில் மியூட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மறுநாள் ஸ்டாண்டப்பில், அதாவது தினமும் காலையில் நடக்கும் குட்டி மீட்டிங்கில், கேட்டால் ஆளாளுக்கு "ஆன் ட்ராக்", திட்டப்படி போகிறது என்பார்கள். வியாழன் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் குட்டு உடையும்.

இதைப் பொறுப்பின்மை என்று பேசும் மேலாளர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. போன வருஷம் "முடியாது" என்று சொன்னவருக்கு அப்ரைசலில் என்ன ரேட்டிங் விழுந்தது என்று டீம் பார்த்துக்கொண்டுதானே இருந்தது?

1990களில் ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன! அங்கே தலைமை நர்ஸிடம் பயமில்லாமல் சொல்ல முடிந்தது, அதனால் பிழை கணக்கில் ஏறியது. மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலேயே இப்படி என்றால், நம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்?

அதனால்தான் சொல்கிறேன், டீமோடு மனசு விட்டுப் பழகுவதை ஹெச்ஆர் நடத்தும் வெள்ளிக்கிழமை விளையாட்டோடு சேர்த்துவிடாதீர்கள். யாருடைய அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, யார் செங்கல்பட்டிலிருந்து ரயில் பிடித்து வருகிறார் என்றே தெரியாமல் போடும் எஸ்டிமேட் வெறும் ஆசைதான்.

2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் வாரம் 90 மணி நேர உழைப்பைப் பற்றிப் பேசியது வெளியே வந்தது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் 2021இலேயே சொல்லிவிட்டன. மேலே இருந்து மணிக்கணக்கு சொல்பவர்களுக்கு, கீழே உட்கார்ந்து கேட்பவரின் முகமே தெரிவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

நீங்கள் டீம் லீடாக இருந்தால், தேதி சொல்வதற்கு முன் கோட் எழுதுகிறவரைத் தனியாகக் கேளுங்கள். "பத்து நாள் ஆகும்" என்றால் முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பத்து நாளை க்ளையன்ட்டிடம் பேசி வாங்கி வாருங்கள். முன்கூட்டியே காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.