ஹனோக்கில் தும்மக் கூடாது

இரவு பத்து மணிக்கு மேல் சத்தமாகத் தும்ம வேண்டாம் என்று அறையை வாடகைக்கு விட்டவர் கேட்டுக்கொண்டால் என்ன பதில் சொல்வீர்கள்? எனக்குப் பதில் நுனிநாக்கு வரை வந்தது. மாமியார் பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன். சியோல் நகரின் புக்சோன் பகுதியில், ஓர் இரவுக்கு 1,80,000 வொன் கொடுத்துத் தங்கப்போன பாரம்பரிய வீடு அது. ஹனோக் என்பார்கள். நம் பணத்தில் 11,000 ரூபாய்க்குக் குறையாது. அதில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கு, நடந்துபோகும் தூரத்திலேயே, இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் கட்டிலும் உள்ள சாதாரண விடுதி அறை கிடைக்கிறது. அங்கே குடும்பத்தோடு கூடித் தும்மினாலும் கேட்பாரில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஹனோக் மேல் கோபம் இல்லை. வேலை நிமித்தமாகச் சில வருடங்களாக இந்த நாட்டில் இருக்கிறேன். குளிர்காலத்துக்குத் தரையடியில் சூடேற்றும் ஒண்டோல், கோடைக்குக் காற்று வாங்கும் மாரு என்கிற மரத்தளம், இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் கட்டிய கொத்தனாரையும் தச்சரையும் எத்தனை பாராட்டினாலும் தகும். 2018இல் ஒண்டோல் பண்பாட்டைத் தென்கொரியா தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. செய்யட்டும், அது சரியான காரியம்தான். என் குமுறல் வேறு. ஒரே குடும்பம் வாழ்வதற்கென்று யோசித்துக் கட்டிய வீட்டை அறை அறையாகக் கூறு போட்டு, முன்பின் தெரியாத நான்கு கூட்டத்துக்கு ஒரே இரவில் விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஹனோக்கின் கதவு என்பது மரச்சட்டத்தில் ஒட்டிய ஹன்ஜி காகிதம். முசுக்கொட்டை வகை மரப்பட்டையிலிருந்து செய்வது. வெளிச்சத்தை உள்ளே விடும், காற்றை இழுத்து விடும், சத்தத்தையும் அப்படியே விடும். அந்தக் காலத்தில் அது குறையே இல்லை. உள்ளே இருப்பது மாமனார், மருமகள், பேரன். வெளியே வருகிறவர் ஒரு செருமல் செருமிவிட்டு வருவார்; உள்ளே இருப்பவர் ஆடையைச் சரிசெய்துகொள்வார். கதவைத் தட்டும் வேலையைத் தொண்டை பார்த்துக்கொண்டது. அந்த வீட்டில் செருமல் மரியாதை. இன்றைக்கு அதே செருமலுக்கு அபராதம் போடாத குறையாக, நான்கு மொழிகளில் அச்சடித்த தாளைக் கையில் திணிக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பக்கம் தேனிலவுத் தம்பதி. மறு பக்கம் ஒரு கைக்குழந்தையோடு வந்த குடும்பம். இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? தம்பதிக்குச் சங்கடம், எங்களுக்கு அதைவிடச் சங்கடம், குழந்தை மட்டும் நியாயமாக அழுதது. அதன் அம்மா அழுகையை அடக்க முடியாமல் அந்தக் குளிரில் முற்றத்தில் உலாத்திக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நடுராத்திரியில் நடக்க வைத்தது குழந்தை இல்லை, கையில் திணித்த அந்தத் தாள்தான்.

புக்சோனில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுற்றுலாப் பயணிகள் பலரும் நினைப்பதுபோல அங்கே நெருக்கி நிற்கும் வீடுகள் ஜோசோன் அரசர் காலத்தவை அல்ல. பெரும்பாலானவை 1920, 30களில் கட்டப்பட்டவை. ஜொங் செக்வோன் என்ற கட்டுமானத் தொழிலதிபர் அங்கிருந்த பெரிய மனைகளை வாங்கிப் பிரித்து, நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் சிறிய நகர ஹனோக்குகளை வரிசை வரிசையாகக் கட்டினார். ஜப்பானிய ஆட்சியில் கொரியர்கள் தங்கள் நகரத்திலேயே இடமின்றித் தள்ளப்பட்ட காலம் அது. அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் கட்டியது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம் என்ற கணக்கில். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட ‘கான்’ என்ற அளவு, ஏறக்குறைய எட்டு அடி. அந்த எட்டுக்கு எட்டில் கழிப்பறைக்கென்று ஒரு மூலையைத் தடுத்து, ஒரு குளிர்சாதனப் பெட்டியைச் செருகி, ‘மூவர் தங்கலாம்’ என்று போடுகிறார்கள். மூவர் தங்கலாம், உண்மைதான். மூவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் படுக்கத்தான் முடியாது.

படுக்கைக்கு வருகிறேன். தரையில் படுப்பது எனக்கோ என் மாமியாருக்கோ புதிதா? பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். மேலைநாட்டுக்காரர்கள் எழுதும் ‘ஐயோ, கட்டில் இல்லை’ புலம்பலை நான் எழுதவில்லை. என் கேள்வி: ‘யோ’ என்கிற அந்த விரிப்பு மெத்தையை ஏன் இத்தனை மெல்லியதாக வைக்கிறீர்கள்? கொரிய வீடுகளில் நான் படுத்திருக்கிறேன். பருத்தி அடைத்த கனமான யோவும், மேலே போர்த்திக்கொள்ள இபுலும் தருவார்கள், இடுப்பு நோகாது. இங்கே கொடுத்தது துவைக்க வசதியான, சீக்கிரம் உலரக்கூடிய, அலமாரியில் பத்து அடுக்கினாலும் இடம் பிடிக்காத ஏதோ ஒன்று. விடுதிக்கு எது வசதியோ அது. அறுபத்தெட்டு வயதில் மூட்டுவலியோடு ஒருவர் தரையிலிருந்து எழ, பிடித்துக்கொள்ள ஒரு முக்காலிகூட இல்லை. கேட்டால் ‘ஹனோக்கில் நாற்காலி மரபில்லை’ என்கிறார்கள். அப்படியா? சுவரில் பதித்த தொலைக்காட்சி எந்த அரசர் காலத்து மரபு? தரையில், பல அடுக்குக் காகிதம் ஒட்டிச் சோயா எண்ணெய் பூசிய பழைய தளத்துக்குப் பதிலாக, அதே மஞ்சள் நிறத்தில் வினைல் விரித்திருக்கிறீர்களே, அது? காலையில் தட்டில் வந்த ரொட்டித்துண்டும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும்? செலவைக் குறைக்கும் இடத்தில் எல்லாம் நவீனம். வசதி கேட்கும் இடத்தில் மட்டும் மரபு!

இனி ஒண்டோல். விறகு எரித்துப் புகையைக் கல் பாளங்களுக்கு அடியில் ஓடவிட்ட காலம் நகரங்களில் எப்போதோ போயிற்று. பிறகு வந்த கரிக்கட்டி அடுப்புகளின் நச்சுவாயு தரை வெடிப்பு வழியே கசிந்து எத்தனையோ குடும்பங்களைத் தூக்கத்திலேயே கொன்றிருக்கிறது. இப்போது பாய்லரும் தரையடியில் வெந்நீர்க் குழாயும். பாதுகாப்பானது, ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகச் சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டிக் குறைக்கும் பொத்தான் நம் கையில் இருந்தால்! எங்கள் அறையில் அது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. தரை தோசைக்கல்லாகக் கொதிக்கிறது, காகிதக் கதவு வழியே வரும் காற்றில் மூக்கு விறைக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மாமியார் எழுந்து உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை, முதுகு வேகிறது. கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன்.”

யாரிடம் சொல்வது? சாவியும் தாளும் கொடுத்த மேலாளர் மாலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார். உரிமையாளர் அந்த வீட்டில் இல்லை, அந்தத் தெருவிலும் இல்லை. கைபேசியில் செய்தி அனுப்பினேன். காலை ஒன்பதரைக்குப் பதில் வந்தது, ஒரு சிரிப்புப் பொம்மையோடு: ‘ஒண்டோலின் இதமான வெப்பத்தை அனுபவித்தீர்களா?’

கழிப்பறையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஓரடி உயரப் படி, ஈரத் தரை, பிடிமானம் கிடையாது, கதவுக்கு அந்தப் பக்கம் தலையணை. போதும்.

புக்சோனில் அக்கம்பக்கத்தார் படும் பாட்டையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். அது காட்சிசாலை இல்லை, மனிதர்கள் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் தெரு. தாங்க முடியாமல்தான் ஜொங்னோ மாவட்ட நிர்வாகம் 2024 ஜூலையில் அதைச் சிறப்பு மேலாண்மைப் பகுதியாக அறிவித்தது. கூட்டம் மிகுந்த சந்துகளில் மாலை ஐந்து முதல் காலை பத்து வரை சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது. 2025 மார்ச் முதல் மீறினால் 1,00,000 வொன் அபராதம். நல்லது. ஆனால் அங்கே அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே நள்ளிரவில் கருங்கல் சரிவில் சக்கரப் பெட்டியைக் கடகடவென்று இழுத்துவரும் உரிமை எங்களுக்கு இருக்கிறது, மாலை ஐந்தரைக்கு வாசலில் நின்று படமெடுப்பவருக்குத்தான் கட்டுப்பாடு! பக்கத்து வீட்டு முதியவர் ஜன்னலைத் திறந்து எங்களைப் பார்த்த பார்வையில் தப்பே இல்லை. அவர் அந்த உரிமையாளரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியாது, அவர்தான் அங்கே குடியிருப்பதில்லையே. காசு அவருக்கு, முறைப்பு எங்களுக்கு.

‘பழைய வீடென்றால் அப்படித்தான், அனுசரித்துப் போகத் தெரியாதவன்’ என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்டோங் பக்கம், கொரிய நாடகங்களில் வருவதுபோல ஓட்டுக் கூரையும் மலையும் உள்ள ஒரு கிராமத்துப் பழைய வீட்டில் தங்கியிருக்கிறேன். யுனெஸ்கோ 2010இல் உலக மரபுச் சின்னமாக்கிய ஹாஹ்வே, யாங்டோங் கிராமங்களைப்போல அது புகழ்பெற்ற இடம் அல்ல. அதே காகிதக் கதவு, அதே மூக்கு விறைக்கும் குளிர், கழிப்பறைக்கு முற்றத்தைத் தாண்ட வேண்டும். ஒரு புகார்கூட எனக்கில்லை. ஏனென்றால் அந்த வீட்டுப் பாட்டியம்மா அங்கேயே இருந்தார். ஒரு கட்டுக்கு ஒரு குடும்பத்துக்கு மேல் ஏற்கவில்லை. மாலையில் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து, தரையைக் கையால் தொட்டுப் பார்த்து, அடுப்புக்கு அருகே சூடு அதிகமுள்ள இடம் பெரியவர்களுக்கு என்று காட்டிவிட்டுப் போனார். தும்மலைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தும்மியபோது இஞ்சித் தேநீர் கொண்டுவந்தார்.

நம் யூடியூப் பயணக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மஞ்சள் விளக்கு, ஜன்னலோரம் ஒரு தேநீர்க் கோப்பை, கூரை விளிம்பின் வளைவு, ‘நாடகத்துக்குள் போனது மாதிரி இருக்கிறது’ என்று ஒரு பெருமூச்சு. அதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் பதிவைப் பகல் மூன்று மணிக்கு எடுத்து முடித்துவிடுகிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் ஒரு தடவை கேமராவைத் திறங்கள், தம்பிகளே. முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியதையும் சொல்லிக்கொடுங்கள்: வீடு முழுவதும் நமக்கா, ஓர் அறை மட்டுமா? காகிதக் கதவுக்கு அப்பால் யார்? சூட்டைக் குறைக்கும் பொத்தான் எங்கே? உரிமையாளர் எங்கே தூங்குகிறார்?

இவ்வளவையும், கொஞ்சம் நாகரிகமான கொரிய மொழியில், அந்த விடுதிக்கான மதிப்புரையாக எழுதினேன். உடனே பதில் வந்துவிட்டது. ‘எங்கள் ஹனோக்கில் எல்லா விருந்தினரும் ஒரே குடும்பம்’ என்றது அது. தேனிலவுத் தம்பதியையும் கேட்டுவிட்டுச் சொல்லும்படி பதில் எழுதியிருக்கிறேன்.