பிராதில் கையெழுத்துப் போட்டதோடு வாதியின் வேலை முடியவில்லை

"வக்கீல்கிட்ட கொடுத்தாச்சு, இனி அவர் பாத்துப்பார்." சிவில் வழக்கு போட்டவர்கள் இப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நிரூபிக்கும் சுமை வாதியின் தலையில்தான் இருக்கிறது. பிரதிவாதியின் பத்திரத்தில் ஆயிரம் ஓட்டை இருக்கட்டும், உங்கள் பத்திரம் நிற்காவிட்டால் வழக்கு தள்ளுபடிதான்.

பிராதை, அதாவது உங்கள் வழக்கு மனுவை, வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பாரா உங்களுக்கே நேரில் தெரிந்தது, எது பிறர் சொல்லித் தெரிந்தது என்று கடைசியில் உறுதி சொல்வது நீங்கள்தான். சொத்து விவரத்தைக் கிரயப் பத்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை. கிழக்கும் மேற்கும் மாறிக் கிடந்தால், டிக்ரி (தீர்ப்பாணை) கையில் இருந்தும் நீதிமன்ற அமீனா எந்த இடத்தை அளந்து ஒப்படைப்பார்?

அடுத்தது பரிகாரம், அதாவது நீதிமன்றத்திடம் நீங்கள் கேட்பது. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நிலம் அடுத்தவர் கையில் இருக்கும்போது "எனக்கே பாத்தியம்" என்று விளம்புகை (உரிமையை நீதிமன்றம் அறிவிப்பது) மட்டும் கேட்டு, சுவாதீனத்தை, அதாவது நிலத்தைக் கையில் ஒப்படைக்கும்படி, கேட்காமல் விட்டால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் 34-ஆவது பிரிவின்படி விளம்புகையும் கிடைக்காது. ஒரே வழக்கு மூலத்தில் (வழக்குக்கான காரணத்தில்) கேட்கக்கூடியதை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விட்டுவிட்டால், பிறகு தனி வழக்காகவும் கேட்க முடியாது.

கைமாற்றுக் கடனுக்குக் காலக்கெடு 3 வருடம். கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கவும் 3 வருடம்தான். "பேசி முடிச்சுக்கலாம்" என்று இழுப்பதால் அது நீளாது. கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் காலக்கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். ஒப்பந்த வழக்கில் பாக்கிப் பணத்தோடு தயாராக இருந்ததையும் நிரூபிக்க வேண்டும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள்.

சாட்சிக் கூண்டில் வா.சா.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) ஆக நீங்களே ஏறுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்துக்குப் பவர் ஏஜென்ட் (நீங்கள் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்) சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் வராமல் இருந்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

வாய்தா தேதியை மறக்கவே மறக்காதீர்கள். விசாரணைக்குப் பிரதிவாதி வந்து, உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியானால், அதே காரணத்துக்குப் புது வழக்கு போட முடியாது. தள்ளுபடியை நீக்கி வழக்கை மீண்டும் எடுக்கக் கோரும் மீட்பு மனுவைத் தக்க காரணம் காட்டிப் போட 30 நாள். அந்த நாளும் தள்ளுபடியான தேதியிலிருந்து ஓடும், உங்களுக்குத் தெரிந்த தேதியிலிருந்து அல்ல. வழக்கின் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) வக்கீலிடம் கேட்டு வாங்கி வைத்தால், அடுத்த தேதியை நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம்.