அத்தை சொன்னதும் அலைவரிசைகள் காட்டியதும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் அத்தையின் கணவர் கூலிக்குப் போன விசைப்படகு நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. மறுநாள் காலை ராமேசுவரம் ஜெட்டியில் கூடியிருந்த பெண்களில் அத்தையும் ஒருவர். இரண்டு தொலைக்காட்சிகளின் மைக்குகள் ஒரே நேரத்தில் அவர் முகத்துக்கு முன்னால் நீண்டன. இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர், அழாமல், நிதானமாகவே பேசினார். பக்கத்தில் நின்ற அவருடைய மகன் அதை முழுவதுமாகத் தன் கைப்பேசியில் பதிவு செய்திருந்ததால், அவர் சொன்னவற்றை இன்று என்னால் சொல் மாறாமல் எழுத முடிகிறது.

முதலில் அவர் சொன்னது: "டெல்லியில இருக்கவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இவங்கள விட்டுருவான். சொல்லமாட்டேங்குறாங்க." அடுத்து: "இங்க உள்ள கவர்மெண்டும் லெட்டர் எழுதுறதோட சரி. பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு யாரு வழி?" கடைசியாக, குரலைத் தாழ்த்தாமலேயே அவர் சொன்னது: "நம்ம படகும் கோட்டத் தாண்டிப் போயி மடி இழுக்குறது நெசந்தான். ஒரு மாத்துத் தொழில் காட்டுங்க, நாங்க ஏன் அங்க போகப்போறோம்?" கோடு என்றது கடல் எல்லையை, மடி என்றது கடலடியை வாரி இழுக்கும் இழுவை வலையை.

அன்று மாலை, மாநிலத்தில் ஆளும் கட்சிக்கு வேண்டிய அலைவரிசையில் அத்தையின் முதல் பேச்சு மட்டும் வந்தது. மத்தியில் ஆளும் கட்சிக்கு வேண்டிய அலைவரிசையில் இரண்டாவது பேச்சு மட்டும் வந்தது. இரண்டிலும் அதே முகம், அதே சேலை, பின்னால் அதே படகுகள். மூன்றாவது பேச்சு எங்குமே வரவில்லை. இவற்றில் ஒன்று, நான் பல ஆண்டுகளாக நம்பிப் பார்த்து வந்த அலைவரிசை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பு வெட்டியதைவிட, என் தரப்பு வெட்டியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கட்சிக்கு ஒரு தொலைக்காட்சி இருப்பது தமிழ்நாட்டில் மறைபொருள் அல்ல. சன் தொலைக்காட்சியின் மாறன் சகோதரர்களுடன் தி.மு.க. தலைமைக்குப் பிணக்கு வந்த 2007-ஆம் ஆண்டில் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கப்பட்டதும், ஜெயா தொலைக்காட்சி டி.டி.வி. தினகரன் தரப்போடு நின்றுவிட்ட பிறகு 2018-இல் அ.தி.மு.க.வுக்காக நியூஸ் ஜெ வந்ததும் ஊரறிந்த வரலாறு. பா.ம.க.வுக்கும் தே.மு.தி.க.வுக்கும்கூடத் தத்தம் அலைவரிசைகள் இருந்தன. ஒரு கட்சி தன் கொள்கையைச் சொல்லத் தனக்கென ஒரு மேடை வைத்துக்கொள்வதை நான் குற்றமாகக் கருதவில்லை. அந்த மேடையில் நின்றுகொண்டு 'செய்தி' என்ற பெயரில் ஓர் ஏழைப் பெண்ணின் பேச்சை அரிந்து விற்பதைத்தான் நேர்மையின்மை என்கிறேன்.

அந்த இரண்டு அலைவரிசைகளும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இங்கே நின்று யோசிக்க வேண்டும். அத்தை சொல்லாத எதையும் அவை காட்டவில்லை. செய்தியின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் நண்பர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், "உண்மைதான், அந்தப் பெண் அப்படிச் சொன்னார்" என்றே அவர்களும் சொல்ல வேண்டியிருக்கும். இட்டுக்கட்டிய பொய்யை ஆதாரம் காட்டி மறுத்துவிடலாம். பாதி உண்மையை எதைக் காட்டி மறுப்பது? வெட்டிய கையைக் காட்டினால் மட்டுமே அது பிடிபடும், அந்தக் கையைக் காட்ட மறுப்பறிக்கையைவிட அங்கதம் என்ற நையாண்டிதான் ஏற்ற கருவி என்று நான் நம்பத் தொடங்கியது இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான்.

அத்தை மகன் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுத் திண்ணையில், மாமா பாதி பின்னி வைத்துவிட்டுப் போன வலைக்கு முன்னால் அவன் செய்தி வாசிப்பவனைப் போல உட்கார்ந்தான். வலையின் மிதவைக் கட்டை ஒன்று மைக் ஆனது. கையில் நைலான் நூல் வெட்டும் கத்தரிக்கோல். அம்மாவின் பதிவு ஓட ஓட, வேண்டாத ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் ஒரு முழ நூலை வலையிலிருந்து இழுத்து, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் கத்தரித்துத் தரையில் போட்டான். முதல் சுற்றில் ஓர் அலைவரிசைக்கு வேண்டாத நூல்கள் விழுந்தன, இரண்டாம் சுற்றில் இன்னோர் அலைவரிசைக்கு வேண்டாதவை. இரண்டு சுற்றும் முடிந்தபோது அம்மாவின் மூன்றாவது பேச்சு இரண்டு முறை வெட்டப்பட்டுக் காலடியில் கிடந்தது. அதன் பிறகு முழுப் பதிவும் ஒருமுறை, எந்தக் குறுக்கீடும் இல்லாமல் ஓடியது. மொத்தமே நான்கு நிமிடம்.

பாம்பன் தேநீர்க் கடையில் நான் அதைப் பத்துப் பதினைந்து பேருடன் சேர்ந்து பார்த்தேன். மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த 61 நாட்களில் கடைகளில் எப்போதும் ஆள் இருக்கும், பேச்சும் இருக்கும். முதல் நூல் விழுந்தபோது சிரித்தார்கள், இரண்டாம் சுற்றில் சிரிப்பு குறைந்தது. முழுப் பதிவு ஓடியபோது ஒருவரும் பேசவில்லை. படகோட்டியாக முப்பது ஆண்டு கடலுக்குப் போன ஒரு பெரியவர் மட்டும், "கடைசியா அந்தப் பிள்ளை சொன்னத இன்னொருவாட்டி போடு" என்றார். அதன் பிறகு பல நாட்களுக்கு, அந்தக் கடைத் தொலைக்காட்சியில் யாராவது பேசும் துண்டுக் காட்சி வந்தால், "மீதி எங்கப்பா?" என்று யாராவது ஒருவர் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஊடகங்களை நம்பாதீர்கள் என்று நான் அதே கடையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தக் கேள்வியை என் பேச்சால் எழுப்ப முடிந்ததில்லை.

தமிழுக்கு இது புதிதல்ல. அங்கதத்தைத் தொல்காப்பியம் செய்யுளியலிலேயே வகுத்து, வெளிப்படையாக வைவதைச் செம்பொருள் என்றும், மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு என்றும் பிரிக்கிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரின் புறநானூற்றுப் பாடலை (95) எனக்குப் பள்ளியில் வஞ்சப் புகழ்ச்சி என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. எனக்கு இந்தப் பாட்டில் பெரிதாகத் தோன்றுவது, அதில் ஒரு பொய்கூட இல்லை என்பதுதான். ஆயுதம் பளபளப்பது உண்மை, உலைக்களத்தில் முறிந்து கிடப்பதும் உண்மை. இரண்டையும் அருகருகே வைத்தார், அவ்வளவுதான். தொண்டைமானின் படை போர்க்களம் காணாதது என்பதைக் கேட்பவன் தானே கண்டுகொண்டான். அத்தை மகன் திண்ணையில் செய்ததும் அதுவேதான்.

அதே பையன் அடுத்து ஒரு தவறு செய்தான். அதை எழுதாமல் விட்டால் நானும் பாதி உண்மைக்காரன் ஆகிவிடுவேன். முதல் காணொளி பரவிய உற்சாகத்தில், ஒரு தொலைக்காட்சியின் நியூஸ் கார்டு போலவே, அதே நிறத்தில், அதே எழுத்தில், "கச்சத்தீவு மீட்பு: நாளை முதல் படகுகள் செல்லலாம்" என்று ஒன்றைத் தயாரித்து வெளியிட்டான். தேர்தல் வந்தால் மட்டும் கச்சத்தீவை மீட்கும் அலைவரிசைகளைச் சாடுவது அவன் நோக்கம். அவனை அறிந்தவர்களுக்கு அது புரிந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் நான்கு குழு தாண்டியதும் அவன் பெயர் உதிர்ந்துபோய், அட்டை மட்டும் மிஞ்சியது. திருப்பாலைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் காலைப் பேருந்தில் வந்து இறங்கி, கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டான டோக்கன் எங்கே கொடுக்கிறார்கள் என்று ஜெட்டியில் விசாரித்தார். பையில் மாற்றுத் துணியும் மருந்தும் வைத்திருந்தார். அவரைப் பேருந்து ஏற்றிவிடப் போன எனக்கு, நிலையம் வரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் ஏமாளி அல்ல. பொய்யின் உடையை அப்படியே உடுத்திக்கொண்டு வரும் கேலியைப் பொய்யிலிருந்து பிரித்துப் பார்ப்பது எவருக்கும் கடினம். அமெரிக்காவில் ஸ்டீபன் கோல்பேர் என்ற நகைச்சுவையாளர், அங்குள்ள வலதுசாரித் தொலைக்காட்சி விவாதக்காரர்களைப் போலவே 2005 முதல் 2014 வரை வேடமிட்டு நிகழ்ச்சி நடத்தினார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எல்லாத் தரப்புப் பார்வையாளர்களும் அவரை ஏறக்குறைய ஒரே அளவு வேடிக்கையாகக் கண்டார்கள் என்றாலும், பழமைவாதக் கருத்துடையவர்கள் அவர் கேலி செய்வதுபோல் நடித்துக்கொண்டு உண்மையில் தங்கள் கருத்தையே சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் போக்கு அதிகம் இருந்தது தெரியவந்தது. அதாவது, எவரை உலுக்க அந்த வேடம் போடப்பட்டதோ அவர்களுக்கே அது ஆறுதலாகப் போய்ச் சேர்ந்தது. கல்லூரிப் படிப்பும் ஆங்கிலத் தொலைக்காட்சியும் உள்ள நாட்டில் அப்படி என்றால், தெரிந்தவர் அனுப்பியது என்ற ஒரே நம்பிக்கையில் செய்தி பரவும் நம் கடற்கரையில் எவ்வளவு கவனம் வேண்டும்! அலைவரிசையின் சின்னத்தையும் அட்டையையும் எடுத்தாளக் கூடாது, சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் வர வேண்டும், மிகைப்படுத்துவதானால் வாசிப்பவரின் தோரணையை மிகைப்படுத்தலாமே தவிர நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லக் கூடாது என்று அத்தை மகனிடம் சொன்னேன். மிதவைக் கட்டையை மைக் என்று ஒருவரும் நம்பப்போவதில்லை.

இன்னொன்றையும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த முதல் காணொளியையே இரு கட்சிகளின் ஐடி விங்கும் வெட்டின. எதிர்த்தரப்பு அலைவரிசையைக் கேலி செய்யும் சுற்றை மட்டும் எடுத்து, "மீனவ இளைஞன் கிழித்த முகமூடி" என்ற தலைப்பில் ஒரு தரப்பு பரப்பியது. மற்றத் தரப்பு மற்றச் சுற்றை எடுத்துக்கொண்டது. வெட்டுவதைப் பற்றிய கேலியே வெட்டப்பட்டது. பிறகு அவன் இரண்டு வாசிப்பாளர்களையும் ஒரே சட்டத்துக்குள், அருகருகே உட்காரவைத்து எடுத்தான். ஒருவன் பேசும்போதே மற்றவனும் பேச, இருவருக்கும் நடுவில் அம்மா. யாரும் பாதியை உருவ முடியாதபடி முழுமையைக் கட்டுவது என்பதை நான் அங்கத எழுத்தின் தொழில்நுட்பமாகவே இப்போது நினைக்கிறேன்.

அங்கதத்துக்கு அதிகாரம் தரும் விலையும் நமக்குத் தெரியாததல்ல. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் அவர் வெளியே வந்தார். 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய கேலிச்சித்திரத்துக்காக அதே விகடனின் இணையதளம் முடக்கப்பட்டது. இரண்டு காலம், இரண்டு வேறு ஆட்சி, நடுங்கிய விதம் ஒன்றுதான்.

தி.மு.க.காரரை 'உபி' என்றும் பா.ஜ.க.காரரைச் 'சங்கி' என்றும் ஒருவரையொருவர் ஏசுவதை அங்கதம் என்று நினைக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த ஏச்சு பார்ப்பவனைத் தாக்குகிறது, காட்டியவனைத் தொடுவதே இல்லை. திருப்பாலைக்குடி முதியவரைச் சிரிப்புக்கு ஆளாக்கும் எதையும் நான் பகிர மாட்டேன்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதற்கு வருகிறேன். இரண்டு அலைவரிசைகளும் எதிரெதிரானவை என்றுதான் நாம் நினைக்கிறோம். கச்சத்தீவு என்றதும் ஒன்று, அது இலங்கைக்குப் போன 1974-ஐயும் அப்போது சென்னையில் இருந்த ஆட்சியையும் மட்டுமே பேசும். மற்றொன்று 1974-ஐத் தாண்டிக் குதித்து, இன்று டெல்லியில் இருப்பவர்களை மட்டுமே பேசும். இந்திய மீனவர்கள் இலங்கைக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்ன 1976-ஆம் ஆண்டுக் கடிதப் பரிமாற்றத்தை இரண்டுமே வாசித்துக் காட்டுவதில்லை. கைதுச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் நெடுந்தீவு யாழ்ப்பாணக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுவதில்லை. இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்ததையும், அந்தத் தடைக்காகக் குரல் கொடுத்தவர்களில் வலை அறுபட்ட யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்களும் உண்டு என்பதையும் சொல்வதில்லை. நம் கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்கள் இதே மடியைப் பற்றி முறையிடுகிறார்களே, அவர்களுக்கும் மைக் நீள்வதில்லை. அதே 2017-இல், இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகு வாங்க 80 லட்சம் ரூபாய் மதிப்பில் 70 விழுக்காடு மானியத்தோடு வந்த திட்டத்துக்கு ஏன் போதிய ஆட்கள் சேரவில்லை என்று மத்திய அரசுக்கு வேண்டியவர்களும் கேட்கவில்லை, மாநில அரசுக்கு வேண்டியவர்களும் கேட்கவில்லை.

அத்தையின் மூன்றாவது பேச்சு இரண்டு இடத்திலும் வெட்டப்பட்டதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அது எந்தக் கட்சியையும் குற்றம் சொல்லவில்லை, ஆகவே எவருக்கும் பயன்படவில்லை. அதோடு, அது நம்மைப் புகழவும் இல்லை. கட்சி ஊடகம் தன் எதிரியைப் பற்றிச் சொல்லும் பொய்யைப் பிடிப்பது எளிது. அது நம்மைத் தடவிக் கொடுத்துச் சொல்லும் பொய்யை, 'பாவம் மீனவன், அவன்மீது ஒரு குறையும் இல்லை' என்ற பொய்யை, நாமே பிடிக்க வேண்டுமென்றால் மனம் வருவதில்லை. சிறையில் கிடக்கும் மனிதருக்காக நான் வாதாடுவேன். கடற்படை அடித்த ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்பேன். ஆனால் அதற்காக அக்கரைத் தமிழனின் அறுந்த வலையை மறைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. இந்தக் கரையில் அங்கதம் எழுத வருபவர், அந்தத் திண்ணையில் விழுந்த நூல்களில் நம் கையால் வெட்டியதும் ஒன்று உண்டா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

மாமா சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார். படகு வரவில்லை. இப்போதும் கைதுச் செய்தி வந்தால் ஜெட்டிக்கு மைக்குகள் வருகின்றன, விவரமாகப் பேசுவார் என்று அத்தையைத் தேடியும் வருகின்றன. அவர் வாயைத் திறப்பதற்கு முன், "முழுசாப் போடுவீங்களா தம்பி?" என்று கேட்கிறார். வந்தவர் தயங்கினால், மகனைக் கூப்பிட்டுக் கைப்பேசியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார்.