8.1-ல் திரும்பியது பொத்தான் மட்டும்தான்

"விண்டோஸ் 8-ல் எடுத்த ஸ்டார்ட் மெனுவை 8.1-லேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அப்புறமும் புலம்பியவர்கள் பழக்கத்தை மாற்றச் சோம்பல்பட்டவர்கள்" என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

2013 அக்டோபரில் 8.1-ல் திரும்பியது ஸ்டார்ட் பொத்தான் மட்டும்தான். கீழே இடது மூலையில் அதைச் சொடுக்கினால் மெனு விரியாது. பார்த்துக்கொண்டிருந்த எக்ஸெல் தாள் மறைந்து, திரை முழுக்க வண்ணக் கட்டங்கள் வந்து நிற்கும். கால்குலேட்டரைத் தேடப் போனாலும் இதே கதைதான். வலது சொடுக்கில் கணினியை அணைக்கும் வசதி வந்தது, நேராக டெஸ்க்டாப்பில் தொடங்கும் வசதியும் வந்தது. நல்ல திருத்தங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மெனு திரும்பியது 2015 ஜூலையில், விண்டோஸ் 10-உடன்.

விண்டோஸ் 8 மீது மென்பொருள் எழுதும் டெவலப்பர்களுக்கு இருந்த கோபத்தையும் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். விண்டோஸ் 8-உடன் வந்த ஸ்டோருக்காக, அதாவது மைக்ரோசாஃப்டின் செயலிக் கடைக்காக, எழுதிய செயலி விண்டோஸ் 7-ல் ஓடவே ஓடாது. அன்றைக்கு அலுவலகங்களில் பெரும்பாலும் இருந்ததோ பழைய விண்டோஸ் எக்ஸ்பியும் 7-உம். இருக்கிற வாடிக்கையாளர்களுக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று என்று ஒரே மென்பொருளை இரண்டு விதமாக எழுதிப் பராமரிக்க நாலு பேர் கொண்ட குழுவால் எப்படி முடியும்?